தும்மலுக்கு முந்திய வாரம்

பூனை தும்ம ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது தினசரி காலண்டரைத்தான். நகைக்கடையில் கொடுத்தது, அடுப்படிச் சுவரில் தொங்குகிறது. கிழித்த தாள்களை அத்தை தூக்கிப் போடமாட்டார். பின்பக்கத்தில் கடைச் சாமான் எழுத வைத்துக்கொள்வார். அதனால் போன வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. விருந்தாளிகள் வந்தார்களா, கொசுப் புகை அடித்தார்களா, பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டினார்களா, கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளம் நம் தெரு வழியாகப் போனதா? ஏதாவது ஒன்று அகப்படும். நேற்றுப் பெய்த மழையை நாங்கள் குற்றம் சொல்வதில்லை. பூனைக்கு வரும் ஹெர்பிஸ் என்கிற வைரஸ் சளி நேற்று நடந்ததற்கு இன்று கணக்குத் தீர்ப்பதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் தாமதித்துத்தான் வரும்.

இதைப் புரிந்துகொண்டாலே பாதி வைத்தியம் முடிந்தது என்பது என் கட்சி. மீதிப் பாதி கொஞ்சம் நீளமானது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவில். நாலு பக்கமும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர், நடுவில் டவுன், கிழக்குக்கரை ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன். எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பின்பக்க வடிகாலைத் தாண்டினால் தோட்டம். பூனைகள் அங்கிருந்துதான் வருகின்றன. எலி பிடிக்கட்டும் என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் விட்டவை, கோயில் மண்டபத்தில் படையல் சோறு தின்று வளர்ந்தவை, யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு மார்க்கெட் ஓரம் வைத்துவிட்டுப் போனவை. கண் இரண்டும் ஒட்டிப்போன குட்டியை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள்.

எங்களிடம் இப்போது இரண்டு உண்டு. தவுக்கே, அதாவது முதலாளி, என்கிற செம்பட்டைக் கடுவன். பெயர்க் காரணம் அது உட்காரும் தோரணையைப் பார்த்தால் தெரியும். இன்னொன்று மூன்று நிறப் பெட்டை, கதம்பம். அது தோட்டத்துக் கடையடியில் கண் திறக்க முடியாமல் கிடந்த குட்டி. இடது கண்ணில் மெல்லிய வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ளே ஹெர்பிஸ் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி அது தூங்குகிறது.

மலாய்க்கார அண்டை வீட்டார் செலெசெமா கூச்சிங் என்பார்கள், நம்மவர்கள் பூனைச் சளி என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் பல நோய்களுக்கு அது பொதுப்பெயர். அதில் பெரிய பங்கு இரண்டு வைரஸ்களுக்கு. ஒன்று 1958இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட பூனை ஹெர்பிஸ் வைரஸ். இன்னொன்று கலிசி வைரஸ். ஹெர்பிஸ் கண்ணையும் மூக்கையும் பிடிக்கும். விடாத தும்மல், கண்ணீர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைத் தவிர்ப்பது. கலிசி என்றால் நாக்கிலும் வாயிலும் புண், எச்சில் ஒழுகுதல், சில பூனைக்கு நொண்டல்கூட. க்ளமைடியா என்கிற பாக்டீரியா கண் சவ்வைச் சிவந்து வீங்கவைக்கும், தும்மல் அவ்வளவாக இருக்காது. இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். மூக்குநீர் தண்ணியாக இருந்து மஞ்சளும் பச்சையுமாக மாறினால், வைரஸ் திறந்துவிட்ட கதவு வழியாகப் பாக்டீரியா நுழைந்திருக்கிறது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஹெர்பிஸின் தனிக்குணம் என்னவென்றால் அது போவதில்லை. தொற்றிய பூனைகளில் 80 விழுக்காடு வரை ஆயுளுக்கும் அதைச் சுமக்கின்றன என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முகத்துக்கு வரும் பெரிய நரம்பின் முடிச்சில் போய் அது சத்தமில்லாமல் படுத்துக்கொள்கிறது. நமக்கு உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருவதும், சின்னம்மை போட்டவருக்கு வயதான பிறகு அக்கி வருவதும் இதே குடும்பத்து வைரஸ்களின் வேலைதான். ஆனால் பூனையுடையது நமக்குத் தொற்றாது, நாய்க்கும் தொற்றாது. நம்முடையது பூனைக்குப் போகாது. பிள்ளை பூனையைக் கொஞ்சுகிறானே என்று பயப்படும் பாட்டிமார்களுக்கு இதைச் சத்தமாகச் சொல்லலாம்.

படுத்திருப்பதை எழுப்புவது எது? 1970களில் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. பூனையைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். சிலவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வைரஸ் உடனே வெளியே வரவில்லை. 4 முதல் 11 நாள் கழித்துத்தான் மூக்குநீரிலும் எச்சிலிலும் தென்பட்டது. தென்பட்ட பிறகு சில நாள் முதல் இரண்டு வாரம் வரை பூனை அதை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் தாய்க்கும் இப்படியே எழும்பும். அதனால்தான் தோட்டத்துக் குட்டிகளுக்குப் பிறந்து சில வாரங்களிலேயே கண் ஒட்டிப்போகிறது. தாய் நக்கிக் கொடுக்கும்போதே கொடுத்துவிடுகிறது.

இந்தத் தாமதம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரியே பட்டாசு. மறுநாள் காலையிலிருந்து திறந்த இல்ல உபசரிப்பு. கோலாலம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள், ஹாலில் பாய் விரித்துப் பிள்ளைகள், பூனையின் வாலைப் பிடித்து இழுக்க ஒரு மூன்று வயசு. பூனை பீரோவுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், தும்மாது. எல்லாரும் ஊருக்குப் போய், வீடு கழுவி, முறுக்கு டின் காலியாகி, அப்பாடா என்று உட்காரும்போது தும்மல் கேட்கும்.

“நேத்து ஈரத் தரையில படுத்துச்சு, நான் பாத்தேன்” என்பார் அத்தை.

அக்டோபர், நவம்பரில் இங்கே சாயங்காலமானால் மழைதான். எந்த நாள் தும்மினாலும் முந்தின நாள் மழை பெய்திருக்கும், தரை ஈரமாக இருந்திருக்கும். அதனால் மழை மேல் போட்ட பழி எப்போதுமே சரியாகப் பொருந்திவிடுகிறது. எப்போதும் பொருந்துகிற காரணத்தை நான் நம்புவதில்லை. அத்தையிடம் இதைச் சொல்ல முடியாது, சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். “அந்தக் காலத்துல தோட்டத்துல பூனைக்கு யாரும்மா மருந்து குடுத்தா? எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். நல்லா இருந்ததைத்தான் பார்த்திருப்பீர்கள் அத்தை, செத்த குட்டிகளை யார் எண்ணினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார். அப்புறம், லயத்துக்குப் பின்னால் புதைத்தவற்றைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பித்தார்.

தடுப்பூசிக்கும் இதே பழி வருகிறது. “ஊசி போட்டுட்டு வந்தேன், அடுத்த வாரமே சளி பிடிச்சிருச்சு, இனிமே ஊசியே வேணாம்.” பகாவிலிருந்து சிரம்பானுக்குப் பூனையைக் கூடையில் அடைத்து, புக்கிட் புத்துஸ் ஏறி இறங்கி, கிளினிக்கில் நாய் குரைப்பைக் கேட்கவைத்து, திரும்பவும் அதே வழி. பூனைக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு வேண்டுமா? சில பூனைக்கு ஊசி போட்ட பிறகு லேசாகத் தும்மல் வருவதும் உண்டுதான். ஆனால் ஒரு வாரம் கழித்து வந்தால் நான் பயணத்தைத்தான் சந்தேகப்படுவேன். அதனால் கூடையை எப்போதும் ஹால் மூலையில் திறந்தே வைத்திருக்கிறோம், பழைய கைலி விரித்து. தவுக்கே மத்தியானத் தூக்கத்தை அதில்தான் போடுகிறது. பயண நாளில் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டால் குளுவாங்கு வரை போனாலும் சத்தம் வராது.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக் கதையும் இதே வகைதான். பூனைக்குத் தோலில் அரிப்பு. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், அரிப்பு நின்றுவிட்டது, ஆகா என்றார்கள். அடுத்த வாரம் கண் ஒழுகியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டீராய்டு ஊசி ஹெர்பிஸை எழுப்பும். பூனைக்குப் பழைய சளிக் கதை உண்டு என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் யோசித்துப் போடுவார். கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டிய விஷயம் இது.

சரி, தும்மல் வந்துவிட்டது. என்ன செய்வது?

லேசான தும்மல், கொஞ்சம் கண்ணீர், ஆனால் சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். நம் வேலை சுத்தமாக வைப்பதும் சாப்பிட வைப்பதும். கண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு, அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன். காய்ந்த பொருக்கை உரிக்கக்கூடாது. நனைந்த பஞ்சை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் அதுவாகவே ஊறி வழுக்கிக்கொண்டு வரும். கதம்பத்தை மடியில் துண்டு சுற்றி வைத்துக்கொள்வேன். முதலில் தலையைத் திருப்பும். பஞ்சின் சூடு கண்மூலையில் பட்டதும் தாடையைத் தளர்த்தும். மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு குப்பைக்கு, மற்றக் கண்ணுக்குப் புதுப் பஞ்சு. காபி நிறத்தில் வரும் கசிவைப் பார்த்து ரத்தமோ என்று பயப்பட வேண்டியதில்லை, காய்ந்த கண்ணீரின் நிறமே அதுதான்.

மூக்கடைப்புக்கு ஆவி. குளியலறைக் கதவைச் சாத்தி ஹீட்டர் ஷவரைச் சுடச்சுடத் திறந்துவிட்டு, பூனையோடு நானும் ஓரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் அதன் மேல் படவேண்டாம், ஆவி போதும். வீட்டில் பிள்ளையின் ஆஸ்துமாவுக்கு வாங்கிய நெபுலைசர் இருந்தால் வெறும் சலைன் ஊற்றி மூக்குப் பக்கம் காட்டலாம். பிள்ளையின் மருந்தைச் சேர்க்கக்கூடாது.

அந்தத் தண்ணீரில் எதையாவது கலக்க நம் கை பரபரக்கும். அதுதான் ஆபத்து. விக்ஸ், கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதுவும் கூடாது. பூனையின் கல்லீரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவு. ரோமத்தில் பட்டதை நக்கும், நக்கியது உள்ளே போகும். அதே காரணத்தால்தான் பனடோல் என்கிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சலாக இருக்கிறதே, கால்வாசி கொடுத்தால் என்ன என்று தயவுசெய்து யாரும் யோசிக்காதீர்கள். தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளும் இந்தக் கூட்டம்தான். அதில் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு நல்லதல்ல. ஹெர்பிஸ் வைரஸ் உடம்புக்கு வெளியே நோஞ்சான், ஈரத்தில் 18 மணி நேரம், காய்ந்த இடத்தில் அதற்கும் குறைவு. சாதாரண சோப்புத் தண்ணீரே போதும். கலிசி அப்படியில்லை, நாள் கணக்கில் இருக்கும். அதற்கு, துணி வெளுக்கும் குளோரக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி பற்றி எங்கள் வீட்டில் ஒரு உடன்படிக்கை உண்டு. தும்மல் இருக்கும் வாரங்களில் சாமியறையோடு புகை நிற்கும், கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். சாமிக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார். புகைமூட்டக் காலம் வேறு. 2019 செப்டம்பரில் நாட்டின் பல இடங்களில் பள்ளிகளை மூடினார்களே, அந்த மாதிரி நாட்களில் நம் தொண்டையே கரகரக்கும்போது ஏற்கெனவே புண்ணான மூக்கோடு இருக்கும் பூனை என்ன பாடுபடும்? ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சாப்பாடு விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கறார். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. வாசனை தெரியாவிட்டால் தட்டில் என்ன வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் முதலில் மூக்கைத் துடைத்து ஆவி காட்டி, பிறகுதான் தட்டு. கெம்போங் மீனை உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்தால் கதம்பம் மறுத்ததில்லை. டின் சார்டின் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது, வெங்காயமும் இருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்து, சளியைவிடப் பெரிய வியாதியாகிவிடும். தவுக்கே உடம்புக்கு இது உண்மையான பயம். மூக்கடைத்த பூனையின் வாயில் ஊசிக்குழாயால் கஞ்சி ஊற்றுவதும் ஆபத்து, நுரையீரலுக்குப் போய்விடும். பசியைத் தூண்ட டாக்டரிடம் மருந்து இருக்கிறது.

எப்போது காத்திருக்கக்கூடாது? வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கண்ணைத் திறக்கவே மறுத்தால், கண்மணி மங்கலாகத் தெரிந்தால், குட்டியாக இருந்தால். கண் விஷயத்தில் ஒரு நாள் தள்ளிப்போடுவதுகூட எனக்குச் சம்மதமில்லை. கதம்பத்தின் கண்ணைச் சோதித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டாக்டர் ஆரஞ்சு நிறக் காகிதக் கீற்று ஒன்றை நனைத்து இமையோரம் தொட்டார். கண்ணீரோடு சாயம் பரவியது, மிச்சத்தைக் கழுவினார். விளக்கை அணைத்து நீல வெளிச்சத்தைக் காட்டியபோது, கண்மணியின் மேல் இலையுதிர்ந்த ரப்பர் மரம் போலக் கிளை கிளையாகப் பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. புண் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் பிடிக்குமாம். இப்படிக் கிளை விட்ட புண் ஹெர்பிஸின் கையெழுத்து என்றார்.

இந்தச் சோதனை செய்யாமல் கண்ணில் எதையும் விடக்கூடாது. வீட்டு அலமாரியில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்து இருக்கும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே குறையும், நாமும் சந்தோஷப்படுவோம், உள்ளே புண் ஆழமாகும். கண்ணே போய்விடக்கூடும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. பாக்டீரியா சேர்ந்திருந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். அந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடமே வெந்து சுருங்கிவிடும். கொடுத்தவுடன் கொஞ்சம் தண்ணீரோ ஈரச் சாப்பாடோ கட்டாயம் உள்ளே போகவேண்டும். வைரஸுக்கென்று உள்ளுக்குக் கொடுப்பது ஃபாம்சைக்ளோவிர். மனிதர்களின் அக்கிக்கு உள்ள மருந்து, பூனைக்கு எடை பார்த்துக் கொடுக்கிறார்கள். விலை கூடுதல், கசப்பும் கூடுதல். எல்லாப் பூனைக்கும் தேவைப்படாது. இதே குடும்பத்தில் மலிவாகக் கிடைக்கும் அசைக்ளோவிர் மாத்திரை பூனைக்கு ஒழுங்காக உறிஞ்சாது, எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். வாலசைக்ளோவிர் உயிருக்கே ஆபத்து. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மருந்துக்கடையில் மாற்றி வாங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் மூன்றையும் எழுதுகிறேன்.

லைசின் என்கிற அமினோ அமிலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பூனைக் கடைகளில் பசையாகவும் தூளாகவும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வைரஸ் வளர ஆர்ஜினின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் வேண்டும், லைசின் அதோடு போட்டி போடும் என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2015இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், பலனில்லை, நிறுத்துங்கள் என்று முடிவு சொன்னார்கள். சில சோதனைகளில் லைசின் தின்ற பூனைகளுக்கு நோய் கூடியிருந்தது. பூனைக்கு ஆர்ஜினின் இல்லாமல் முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

நம் நாட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தும்மும் பூனையின் மூக்குத்தண்டு வீங்கி, ஆறாத புண்ணாகி, ரத்தம் கசிந்தால் அது சளி இல்லாமலும் இருக்கலாம். ஸ்போரோட்ரிகோசிஸ் என்கிற பூஞ்சை நோய் மலேசியப் பூனைகளிடம் நன்றாகவே அறியப்பட்டது. வெளியே சண்டை போட்டு வரும் கடுவன்களுக்கு நகக்கீறல் வழியாக வரும். ஹெர்பிஸ் நமக்கு வராது என்றேனே, இது வரும். கீறினாலோ கடித்தாலோ கையில் வரிசையாகக் கட்டி கட்டியாகக் கிளம்பும். மாதக்கணக்கில் மருந்து. அப்படிப்பட்ட பூனையைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், மருத்துவர் பெயர் சொல்லும் வரை சளி மருந்து கொடுத்துக்கொண்டு உட்காரக்கூடாது. ஒரே பக்க மூக்கில் மட்டும் மாதக்கணக்கில் ஒழுகினாலும் அப்படித்தான். பல் வேர், சதை வளர்ச்சி என்று வேறு காரணங்கள் இருக்கும்.

இனி, எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வது. மருந்துக்குச் செலவிடும் யோசனையில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும். தீபாவளிக்கு முந்தின வாரமே பின்னறையைப் பூனைகளுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அன்று காலையில் தூக்கிக்கொண்டு போய் அடைத்தால் அதுவே ஓர் அதிர்ச்சி. அவையாகவே அங்கே தூங்கிப் பழகிய பிறகு, விருந்தாளி வரும்போது கதவைச் சாத்தினால் கண்டுகொள்வதில்லை. உயரமான அலமாரியில் அட்டைப்பெட்டி, ஆளுக்கொரு மணல் தட்டோடு உபரியாக ஒன்று, தண்ணீர், ஃபேன் சத்தம். ரேடியோவைச் சன்னமாகப் போட்டுவைப்பார் அத்தை; பூனைக்கா அவருக்கா என்று நான் கேட்பதில்லை. டெங்கிக்குப் புகை அடிக்கும் நாளில் முன்கூட்டியே அறிவிப்பு வந்தால் அந்த அறையின் கதவிடுக்கில் ஈரத்துணி வைக்கிறோம். ஹரி ராயா விடுமுறைக்கு எல்லாரும் பூனையை விடுதியில் விடும்போது நாங்கள் விடுவதில்லை. பக்கத்து வீட்டு காக், அதாவது மலாய்க்கார அக்கா, சாவியை வாங்கிக்கொண்டு, அவர் ஊருக்குப் போகாத வருடங்களில் நம் பூனைக்கும், அவர் போகும் வருடங்களில் நாம் அவர் பூனைக்கும் சோறு வைப்பது என்று ஏற்பாடு. விடுதியில் புது இடம், பக்கத்துக் கூண்டில் தும்மும் பூனை, இரண்டும் சேர்ந்து வரும்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் யாராவது ஒட்டிய கண்ணோடு ஒரு குட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். எங்கள் வீட்டு வழக்கம் இது. குட்டி துணி துவைக்கும் அறையில் இரண்டு வாரம் தனியாக இருக்கும், தனித்தட்டு, தனித்துணி. தும்மல் துளி ஒரு மீட்டருக்கு மேல் பறக்கலாம் என்பதால் கம்பிக் கதவு போதாது, பலகைக் கதவு வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் தாண்டும்வரை. ஹெர்பிஸ், கலிசி, பூனைகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும் பான்லூகோபீனியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அது ஹெர்பிஸ் உள்ளே நுழைவதைத் தடுக்காது. வந்தாலும் வேகம் குறைவாக இருக்கும். தோட்டத்துக் குட்டிக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும், பல்லைப் பார்த்து டாக்டர் ஒரு கணக்குச் சொல்வார்.

தினமும் முதலில் தவுக்கேவுக்கும் கதம்பத்துக்கும் சோறு, மணல் தட்டு, எல்லாம் முடித்து, கடைசியாகத்தான் குட்டி அறை. அதற்கென்று ஒரு பழைய சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கும். போட்டுக்கொண்டு உள்ளே போய், வெளியே வரும்போது கழற்றி மாட்டிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். அத்தைக்கு இந்த வரிசை பிடிக்காது. “பச்சப்புள்ள கத்துதும்மா, அதுக்கு முதல்ல வையி” என்பார். கத்தினாலும் குட்டி கடைசியில்தான்.